திராட்சைப் பெட்டிக்குள் ஒரு வெள்ளைத் தாள்

நாசிக்கிலிருந்து நெதர்லாந்துக்குக் கப்பலேறும் திராட்சைப் பெட்டியைத் திறந்தால், கொத்துகளின் மேல் ஒரு வெள்ளைத் தாள் கிடக்கும். வியாபாரிகள் அதை 'கிரேப் கார்டு' என்கிறார்கள். சிறு சிறு கட்டங்களாக ஒட்டிய தாளுக்குள் இருப்பது சோடியம் மெட்டாபைசல்பைட் தூள். பெட்டிக்குள் இருக்கும் ஈரம் பட்டதும் அதிலிருந்து கந்தக டைஆக்சைடு வாயு கசியும். பழம் வாரக்கணக்கில் கடலில் தாக்குப்பிடிப்பது குளிரும் இந்த வாயுவும் சேர்ந்து செய்யும் வேலை.

எதிரி போட்ரைட்டிஸ் என்ற சாம்பல் பூஞ்சை. பூஜ்ஜியம் டிகிரிக் குளிரிலும் அது அடங்காது, மெதுவாக வளரும். ஒரு பழத்தைப் பிடித்தால் ஒட்டியிருக்கும் பழத்துக்கும் தாவும். விரலால் அழுத்தினால் தோல் வழுக்கிக் கழன்று வரும்.

கிருமியைத் தடுக்கும் பொதிகள் என்றாலே இன்று வெள்ளி நானோ துகள், கைட்டோசான் பூச்சு என்றுதான் பேச்சு. ஆய்வகத்தில் அவை நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் பிலிமில் பதித்த வெள்ளி பெரும்பாலும் தொட்ட இடத்தில்தான் பலிக்கும். கொத்தில் பிலிம் தொடுவது வெளிவரிசைப் பழங்களை மட்டும். பூஞ்சை குடியிருப்பதோ காம்படியிலும், பழமும் பழமும் உரசும் இடுக்கிலும். அங்கே நுழைய வாயுவால்தான் முடியும். 1920களிலேயே கலிபோர்னியாவில் திராட்சைக்குக் கந்தகப் புகை போட்டுப் பார்த்துவிட்டார்கள். அதைத் தாளுக்குள் அடக்கியது பின்னால் வந்த கெட்டிக்காரத்தனம்.

இரட்டை வேகத் தாளில் ஒரு பகுதி முதல் ஓரிரு நாளில் வாயுவைக் கொட்டி, தோலின் மேல் இருக்கும் வித்துகளைக் கொல்லும். மறு பகுதி வாரக்கணக்கில் சிறுகச் சிறுக விடும். தோலுக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட பூஞ்சையை இரண்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதைத் தோட்டத்திலேயே கவனித்திருக்க வேண்டும்.

பழத்தை முன்கூட்டியே குளிர்விக்காமல் சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்க்கும். தாள் நனைந்து வாயு ஒரேயடியாகக் கிளம்பும். காம்புப் பக்கம் பழம் வெளுத்துப்போகும், ருசியும் கெடும். வாயு பழத்தில் விட்டுப்போகும் சல்பைட் எச்சமும் அதிகரிக்கக் கூடாது. பச்சையாகச் சாப்பிடும் காய்கனிகளில் சல்பைட்டை அமெரிக்கா 1986-ல் தடை செய்தது. ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது ஆபத்து. திராட்சைக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று தனி வரம்பு வைத்திருக்கிறார்கள்.

பறித்த சில நாளிலேயே சந்தையில் விற்றுத் தீரும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. ஸ்ட்ராபெர்ரிக்கும் எதிரி இதே பூஞ்சைதான், ஆனால் கந்தக வாயு பட்டால் அதன் சிவப்பு வெளுத்துவிடும். அதனால் கலிபோர்னியாவில் பெட்டி அடுக்கை முழுவதுமாகப் பிளாஸ்டிக் உறையால் மூடி, உள்ளே கார்பன் டைஆக்சைடை நிரப்பி லாரியில் ஏற்றுகிறார்கள்.