பாலம் அகலமானால் பேருந்து பறக்குமா?

"தம்பி, சாட்டா 2-ஐ சாட்டா 3-க்கு மாற்றினால் கணினி இரண்டு மடங்கு வேகமாகுமாமே?" செபராங் ஜெயாவில் கணினி பழுதுபார்க்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. மதர்போர்டையே மாற்றச் சொல்லி, விலைப் பட்டியலும் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். சாட்டா 2 வழியாக விநாடிக்கு ஏறத்தாழ 300 மெகாபைட் போகலாம். சாட்டா 3-இல் 600. இது பாதையின் அளவு. ஆனால் நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வன்தட்டு தருவது பெரும்பாலும் 150 முதல் 250 மெகாபைட்தான். பழைய பாதையே அதற்குத் தாராளம்.

பினாங்குப் பாலம் 2009-இல் நான்கு தடத்திலிருந்து ஆறு தடமானது. நெரிசல் குறைந்தது உண்மை. அதற்காக 80 கிலோமீட்டரில் போகும் பேருந்து 160-இல் பறக்காது. சாட்டாவில் நெரிசலும் கிடையாது. ஒவ்வொரு வன்தட்டுக்கும் தனிக் கம்பி.

பிறகு ஏன் கணினி ஆமையாக நகர்கிறது? தேடும் நேரம்தான் காரணம். வன்தட்டின் முள் நகர்ந்து, தட்டு சுழன்று, உரிய இடம் வந்து சேரவே 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகிவிடும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளுக்கு இப்படிக் காத்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை; தேடல் ஏறத்தாழ 0.1 மில்லி விநாடியில் முடிந்துவிடும்.

அண்மையில் டியூஷன் ஆசிரியை ஒருவரின் கணினியில், மதர்போர்டைத் தொடாமல், பழைய சாட்டா 2 துளையிலேயே எஸ்.எஸ்.டி. பொருத்தினேன். இரண்டு நிமிடத்திற்கு மேல் எடுத்த கணினி அரை நிமிடத்திற்குள் திறந்தது. அவரிடம் முன்பு கேட்கப்பட்ட தொகையில் பாதிகூடச் செலவாகவில்லை.

அப்படியானால் பாதையை மாற்றுவதே வீணா? இரண்டு இடங்களில் பலன் உண்டு. எஸ்.எஸ்.டி. வைத்துக்கொண்டு திருமணக் காணொளி போன்ற பெரிய கோப்புகளை நாள்தோறும் கையாள்பவருக்கு சாட்டா 3 உதவும். இன்னொன்று, வெளியே செருகும் வன்தட்டு. யு.எஸ்.பி. 2-இல் 100 ஜிகாபைட்டை நகலெடுக்க முக்கால் மணி நேரம் ஆனால், யு.எஸ்.பி. 3-இல் கால் மணி நேரம் போதும். கணினி, கம்பி, வன்தட்டுப் பெட்டி மூன்றும் யு.எஸ்.பி. 3 ஆக இருக்க வேண்டும்.

கடைக்குப் போகுமுன் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். இப்போது எந்த சாட்டாவில் ஓடுகிறது என்பதோடு, வன்தட்டு நலமாக இருக்கிறதா என்பதையும் அது காட்டும். நலம் சரியில்லை என்றால் வேகத்தைப் பிறகு பார்க்கலாம்; முதலில் பிள்ளைகளின் படங்களையும் முக்கியப் பத்திரங்களையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.