மழையில் கேட்ட மூன்று இசைத்தட்டுகள்

மாணவர்களே,

ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் அயல்நாட்டு இசையைப் பற்றிப் பேச முற்பட்டது ஏன் என்று நீங்கள் வினவலாம். நான் இசைப் புலவன் அல்லேன், தமிழாசிரியன். ஆயினும், தொலைநாட்டு மழையொன்றில் கேட்ட மூன்று பழைய இசைத்தட்டுகள், என் பணிக்காலத்தில் நான் செய்த ஒரு பிழையை எனக்கு உணர்த்தின. அதனை உங்களிடம் சொல்லவே வந்தேன்.

1983-ஆம் ஆண்டில் நான் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பயின்றேன். எங்கள் பேராசிரியர் ஒருவர் அமெரிக்காவில் சில காலம் கற்றவர். அங்கிருந்து கொணர்ந்த இசைத்தட்டுகளை, மழை பெய்யும் மாலைகளில் தம் இல்லத்தில் எங்களுக்கு ஒலிக்கச் செய்வார். சொற்கள் பாதியும் விளங்கவில்லை. குரல் மட்டும் நெஞ்சில் நின்றது. அவ்விசைக்குச் 'சோல்' என்று பெயர். ஆன்மா என்பது அச்சொல்லின் பொருள்.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் நகரில் வாழும் என் மகள் இல்லத்தில் தங்கியிருந்தேன். அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில் டஸ்கம்பியா என்னும் சிற்றூர் உள்ளது. 1880-இல் ஹெலன் கெல்லர் பிறந்த ஊர் அது. காணவும் கேட்கவும் இயலாத அச்சிறுமியின் கையில் நீரை வார்த்து, 'நீர்' என்னும் சொல்லை ஆசிரியை ஆன் சலிவன் 1887-இல் உணர்த்திய அடிகுழாயைக் காண வேண்டும் என்பது என் நெடுநாள் ஆவல். "அப்பா, பக்கத்திலேயே ஒரு பண்ணை வீட்டில் இரண்டு நாள் தங்கிப் பார்த்துவிட்டு வருவோம்" என்றாள் மகள்.

புறப்பட்டது முதல் மழை விடவில்லை. டென்னசி ஆறு கலங்கிப் பெருகியது. வெறுமையான வயல்களில் நீர் தேங்கி நின்றது. அடிகுழாயைக் குடை பிடித்தபடியே கண்டோம். பிறகு வீட்டை விட்டு வெளியே தலை காட்ட இயலவில்லை. அப்போது என் மகள், தான் கொண்டு வந்த சிறு இசைத்தட்டுக் கருவியையும், பழம்பொருட் கடையில் வாங்கிய மூன்று இசைத்தட்டுகளையும் என் முன் வைத்தாள். மூன்றும் என் பேராசிரியர் இல்லத்தில் நான் கேட்டவை.

நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் இத்தகைய தட்டு 1948-இல் அறிமுகமாயிற்று. ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் ஒலிக்க வல்லது. ஒரு பாட்டிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது இதில் எளிதன்று. ஆகவே, கலைஞர் வைத்த வரிசையில், அமர்ந்து, முழுமையாகக் கேட்கிறோம்.

முதலில் ஒலித்தது ஓட்டிஸ் ரெட்டிங் 1965-இல் பாடிய 'ஓட்டிஸ் புளூ'. சிறிது நேரம் கேட்டிருந்த என் பேரன், "தாத்தா, இவர் பாடுகிறாரா, அழுகிறாரா?" என்றான். நல்ல வினா. விடை சொல்ல வேண்டுமானால் இவ்விசையின் பிறப்பைச் சொல்ல வேண்டும்.

அடிமைகளாகக் கொண்டு வரப்பட்ட கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள், தங்கள் தேவாலயங்களில் ஒருவகை வழிபாட்டிசையை வளர்த்தனர். நம் பஜனையில் ஒருவர் முன்பாட, மற்றவர் பின்பாடுவதைக் கண்டிருப்பீர்கள். அங்கும் அவ்வாறே, ஒருவர் அழைப்பார், அவை விடை சொல்லும். ஓரசையைப் பல சுரங்களில் நீட்டி நெகிழ்த்துவதும் உண்டு. 1950-களில் இவ்விசையை உலகியல் பாட்டுக்குக் கொண்டு வந்தவர்களுள் முதன்மையானவர், கண்பார்வையற்ற ரே சார்ல்ஸ். இறைவனுக்குரியதைத் தெருவுக்குக் கொணர்ந்தார் என்று பலர் அவரைக் கடிந்தனர். மன்றாடலும் மகிழ்ச்சியும் ஒரே குரலில் கலந்திருப்பதற்கு இப்பிறப்பே காரணம். பாட்டும் அழுகையும் அங்கே இரண்டல்ல.

அந்தத் தட்டில் சாம் குக் இயற்றிய பாட்டொன்று உண்டு. 1963-இல் லூசியானாவில் ஒரு விடுதியில் இடம் மறுக்கப்பட்டவர் அவர். மாற்றம் வந்தே தீரும் என்னும் கருத்தில் 1964-இல் அப்பாட்டை வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதியில் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு ரெட்டிங் அதனைப் பாடினார். மெம்பிஸ் நகரில், திரையரங்காக இருந்த பழைய கட்டடத்தில், சாய்ந்த தரையைக்கூட மாற்றாமல் அமைத்த 'ஸ்டாக்ஸ்' ஒலிப்பதிவுக் கூடத்தில் அது பதிவாயிற்று. அங்கு வாசித்த கலைஞருள் கறுப்பினத்தாரும் இருந்தனர், வெள்ளையரும் இருந்தனர். 1964-இல் குடிமை உரிமைச் சட்டம் வரும் வரை, தென் மாநிலங்களில் இவ்விரு சாராரும் ஓர் உணவு விடுதியில் ஒன்றாக அமர முடியாது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மறுநாள் மழை சற்றே தணிந்தது. மிக அருகிலுள்ள மசல் ஷோல்ஸ் ஊருக்குச் சென்று, 'ஃபேம்' என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தை வெளியே நின்று பார்த்தோம். சாலையோரத்தில் எளிய கட்டடம், வியக்க ஒன்றுமில்லை. 1967 ஜனவரியில் அரீத்தா ஃபிராங்க்ளின் அங்கு வந்தார். அதற்கு முன் ஆறாண்டுகள் வேறொரு நிறுவனத்தில் பாடியும் பெரும்புகழ் எய்தாதவர். அங்கே கருவி இசைத்தோர் வெள்ளை இளைஞர்கள். ஒரே நாளில் ஒரு பாட்டு நிறைவுற்றது. மற்றொன்று அரைகுறையாக நின்றது. அன்று எழுந்த சச்சரவால் அவர் நியூயார்க் திரும்பினார். எனினும் அவ்விளைஞரை அங்கே வரவழைத்து எஞ்சிய பாட்டுகளைப் பதிந்தனர். அவற்றுள் ஒன்றன் பெயர் 'மதிப்பு'. ரெட்டிங் அதை எழுதியபோது, கணவன் மனைவியிடம் கேட்கும் மதிப்பாக இருந்தது. அரீத்தா பாடியதும் அது பெண்ணின் கோரிக்கையாயிற்று. ஓர் இனத்தின் கோரிக்கையாகவும் ஆயிற்று.

அன்றிரவு இடிமுழக்கத்தின் நடுவே மூன்றாவது தட்டைக் கேட்டோம். அது மார்வின் கே 1971-இல் வெளியிட்டது. வியட்நாம் போரிலிருந்து மீண்ட தம் தம்பி சொன்னவற்றைக் கேட்டு நெஞ்சு நொந்து, நாட்டில் என்ன நடக்கிறது என்று அவர் வினவுகிறார். போர், வறுமை, மாசுற்ற காற்றும் நீரும் ஆகியவை பாடுபொருள்கள். இது விலைபோகாது என்று நிறுவனத் தலைவர் தயங்கினார். மக்களோ விரும்பி வாங்கினர். பாட்டுகள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று இணைந்து செல்கின்றன. இருபத்து மூன்று வயதில் அது எனக்கு இனிய ஓசையாக மட்டுமே இருந்தது.

தட்டு நின்றது, மழை நிற்கவில்லை. அப்போதுதான் அந்த மாணவன் நினைவுக்கு வந்தான்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், பள்ளி ஆண்டு விழாவில் பறை இசைக்க ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் இசைவு கேட்டான். "அது சாவு வீட்டுக்குரியது, மேடைக்கு ஆகாது" என்றேன். அவன் மறுமொழி கூறவில்லை. தலை குனிந்து சென்றான். ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையும் ஒன்று எனத் தொல்காப்பியம் கூறுவதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியவன் நான். ஏட்டில் இருந்த பறையைப் போற்றினேன். சிறுவன் கையில் இருந்த பறையை இகழ்ந்தேன். கடல் கடந்த மக்களின் துயரிசையைக் கேட்டுக் கண் கலங்கியவனுக்கு, தன் ஊர்ச் சிறுவன் கேட்டதும் அதே மதிப்புத்தான் என்பது விளங்கவில்லை. இசையை நான் இழிவாக எண்ணவில்லை, மாணவர்களே. அதை இசைப்பவரையே இழிவாக எண்ணினேன். பிழை அங்கேதான் இருந்தது.

ஆகவே உங்களுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் விரும்பும் இசையை இருமுறை கேளுங்கள். முதன்முறை குரலுக்காகக் கேளுங்கள். மறுமுறை, இதை ஆக்கியவர் யார், எந்த வாயில்கள் அவருக்கு அடைக்கப்பட்டிருந்தன, யாரோடு சேர்ந்து இதைச் செய்தார் என்று வினவிக் கேளுங்கள். பிறகு உங்கள் தெருவில் ஒலிப்பதையும் அவ்வாறே கேளுங்கள்.

அம்மாணவன் இன்று முப்பது வயதைக் கடந்திருப்பான். அவனிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்கிறேன்: "தம்பி, மேடை உனக்கும் உரியது. மறுத்தது என் குற்றம்."