பேயா, பிணியா?

வெள்ளகோவில் பக்கத்தில் ஒரு வாலிபன் யாரோ ஏசுவதாகச் சொல்லித் தனக்குத்தானே பேசுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ‘காத்துக் கருப்பு’ என்று மந்திரவாதியை நாடுவோர் நம்மில் இன்றும் உண்டு. ஆனால் இது மனச்சிதைவு என்னும் வியாதி. அதற்குச் சாட்சி மூளையிலேயே இருக்கிறது.

1976-ஆம் ஆண்டில் லண்டன் நார்த்விக் பார்க் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஈவ் ஜான்ஸ்டோன் என்னும் பெண்மணியும் சகாக்களும், நெடுநாள் நோயாளிகள் 17 பேரின் மூளையை எக்ஸ்-ரே கதிர்களால் அடுக்கடுக்காகப் படம் பிடித்தார்கள். மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உண்டு. நோயற்றவர்களைக் காட்டிலும் இவர்களுக்கு அவ்வறைகள் விரிந்திருந்தன! பின்னர் வந்த காந்தப் படங்கள், ஞாபகத்துக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி சற்றுச் சிறுத்திருப்பதையும் காட்டின.

எனினும் இவ்வித்தியாசம் பலரைச் சேர்த்துச் சராசரி பார்க்கும்போதே புலப்படுவது. ஒருவருடைய படத்தை மட்டும் பார்த்து நோயை நிச்சயிக்க இயலாது. நோயாளியையும் வீட்டாரையும் பொறுமையாக விசாரித்தறியும் வைத்தியரே அதற்கு வேண்டும்.

அத்தகைய வைத்தியத்துக்கு நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய ‘ஸ்கார்ப்’ ஸ்தாபனம் இந்நோய்க்கென்றே ஏற்பட்டது. சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்குக் குணம் காணலாம். ஊர் என்ன சொல்லுமோ என்று நாம் மறைத்து வைக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளைக்கே நஷ்டம்.