கதைக்குக் கடன் கொடுத்த ஊர்

மேற்கு ஆபிரிக்காவின் மாலி நாட்டில் பண்டியாகாரா என்னும் மலைச்சரிவு ஏறக்குறைய 150 கிலோமீற்றர் நீளத்துக்குச் சுவர் போல நிற்கின்றது. அதன் உச்சியிலும் அடிவாரத்திலும் டோகன் மக்கள் வாழ்கின்றனர். கம்பு விதைப்பதும் வெங்காயம் செய்வதும் இவர்களது சீவனோபாயம். 1989 ஆம் ஆண்டு யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

இக்கிராமங்களுக்குச் செல்பவர் கண்ணில் முதலிற் படுபவை களஞ்சியங்களே. கல்லின் மேல் மண்ணாற் கட்டி, வைக்கோற் கூம்பினால் மூடியிருப்பார்கள். ஆணின் களஞ்சியத்திற் கம்பு இருக்கும். பெண்ணுக்கும் தனிக் களஞ்சியம் உண்டு; தன் துணிமணி, நகை, தான் விளைவித்த தானியம் ஆகியவற்றை அவள் அதில் வைப்பாள். ஊர்ப் பெரியவர்கள் கூடும் பந்தலின் கூரை மிகவும் தாழ்ந்தது. எவராவது கோபத்தில் துள்ளி எழுந்தால் தலையில் இடிக்கும். நமது சங்கக் கூட்டங்களுக்கும் இப்படியொரு கூரை வேண்டுமென்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வெங்காயம் செய்தவர்களுக்கு இவர்களின் பாடு விளங்கும். மேட்டு நிலம் வெறும் பாறை. வேறிடத்து மண்ணைக் கூடைகளிற் சுமந்து வந்து பாறைமேற் பரப்பி, சிறு வரம்பு கட்டிப் பாத்தியாக்கி, சுரைக் குடுவையால் நீர் வார்க்கிறார்கள். தாளையும் விட்டுவைப்பதில்லை, இடித்து உருண்டையாக்கிக் காயவைத்துச் சந்தையில் விற்கிறார்கள். ஆண்கள் ஒடுங்கிய தறியிற் பருத்தித் துணி நெய்ய, பெண்கள் அதை அவுரிச் சாயத்தில் முக்கிக் கருநீலமாக்குகிறார்கள். இரும்பு வேலையோடு மரச் செதுக்கலும் கொல்லர் கையில் இருக்கிறது.

இந்தச் செதுக்கல்தான் வினையையும் கொண்டுவந்தது. களஞ்சியக் கதவுகளையும் பூட்டுகளையும் முகமூடிகளையும் வெளிநாட்டார் விரும்பி வாங்கினர். பஞ்ச காலத்தில் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும். வியாபாரி வாசலில் நிற்கிறான். பாட்டன் செதுக்கிய கதவு சொற்பக் காசுக்குப் போய்விடும். 1985 இல் மாலி அரசு மரபுப் பொருட்களைக் காக்கச் சட்டம் இயற்றியது. ஆனால் சட்டம் அடுப்பை எரிக்காதல்லவா?

இதற்கு ஒரு வழியைக் கண்டது டுவென்சா நகருக்கு அருகிலுள்ள ஃபொம்போரி என்ற சிற்றூர். அங்கே 1997 இல் பண்பாட்டு வங்கி ஒன்று ஆரம்பமானது. குடும்பத்தின் பழைய பொருளை விற்காமல் ஊர் நூதனசாலையில் ஈடாக வைத்துச் சிறுகடன் பெறலாம். பொருள் குடும்பத்தின் உடைமையாகவே இருக்கும். கடன் தொகையைத் தீர்மானிப்பது சந்தை விலை அல்ல. யார் செய்தது, எந்தச் சடங்கிற் பயன்பட்டது, எப்படிக் குடும்பத்துக்கு வந்தது என்று உடையவர் எவ்வளவு வரலாறு சொல்கிறாரோ அதைப் பொறுத்தே கடன். கடனைத் தீர்த்தவர் மீண்டும் கடன் கேட்டால், மேலும் விபரம் சொல்ல வேண்டும். ஆகவே கடன் கேட்க வருபவர் முதலில் தன் பாட்டியிடம் போய்க் கதை கேட்டு வர வேண்டியதாயிற்று. கடனைக் கொண்டு சிறு வியாபாரமும் கைப்பணியும் செய்தனர். வட்டிப் பணத்தில் ஒரு பகுதி நூதனசாலைக்குச் சென்றது. நான் அறிந்த கடன் திட்டங்களில் ஏழையின் நினைவுக்கு மதிப்புப் போட்டது இது ஒன்றுதான்.

2012 இல் டுவென்சா ஆயுதக் குழுக்களின் கையில் விழுந்தது. உல்லாசப் பயணிகளின் வரவு நின்றது. சாயத் துணியும் செதுக்கலும் வாங்க ஆளில்லாமற் போயின. பின்னர் பயிர்செய்யும் டோகன் மக்களுக்கும் மாடு மேய்க்கும் பூலா மக்களுக்கும் இடையே முன்பே இருந்த காணி, தண்ணீர்ப் பிணக்குகள் துப்பாக்கியின் வசமாயின. 2019 மார்ச்சில் ஒகொஸ்ஸாகு என்னும் பூலா கிராமத்தில் 150 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஜூனில் சொபான் டா என்னும் டோகன் கிராமத்தில் 35 பேர் மாண்டனர், அவர்களிற் பெரும்பாலோர் பிள்ளைகள். பல ஊர்களிற் களஞ்சியங்களைத் தானியத்தோடு கொளுத்தினார்கள். குடும்பங்கள் பண்டியாகாரா, மொப்தி நகரங்களுக்கும் தலைநகர் பமாக்கோவுக்கும் இடம்பெயர்ந்தன.

டோகன் மக்களுக்கு அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் சிகுயி என்றொரு பெருவிழா உண்டு. அது ஒரே ஊரில் முடிவதில்லை. ஆண்டுக்காண்டு ஊர்விட்டு ஊர் நகர்ந்து செல்லும். சென்ற முறை 1967 இல் யூகோ என்ற ஊரில் தொடங்கியது. அடுத்தது 2027 இல் தொடங்க வேண்டும். 1967 இல் அதைப் பார்த்த சிறுவர்கள் இன்று கிழவர்கள்; விழா சென்ற வழியை அறிந்தவர்கள் அவர்களே.