ஒரே பயிரை நம்பலாமா?

அரியலூருக்கு அருகே கல்லங்குறிச்சிச் சாலையில் நின்று நோக்கினால் இரண்டு உலகங்கள் கண்முன் விரிகின்றன. ஒருபுறம், மழையை எதிர்நோக்கி உழுது போட்டிருக்கும் கரிசல் நிலம். மறுபுறம், சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பெரும் பள்ளங்கள். ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதில் வாழ்ந்த சிப்பிகள் கல்லாய் இறுகிக் கிடக்கும் பாறையடுக்கிற்கு நிலவியல் அறிஞர்கள் இவ்வூரின் பெயரையே சூட்டியுள்ளனர். 1979 இல் அரசு சிமெண்ட் ஆலை அரியலூரில் உற்பத்தியைத் தொடங்கிற்று. தனியார் ஆலைகளும் எழுந்தன. அன்றுமுதல் இம்மண்ணுக்கு இரண்டு விலைகள்: உழவனுக்கு ஒன்று, சுரங்கத்துக்கு மற்றொன்று.

இவ்வூர்க் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்குச் சுற்றுவட்டார உழவர்கள் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவருவர். விளைந்ததில் ஒரு பங்கு இறைவனுக்கே என்னும் உணர்வு எச்சமயத்து உழவனுக்கும் பொதுவன்றோ!

நம் பாட்டனார் காலத்தில் மானாவாரி நிலம் ஒரே பயிரைக் கண்டதில்லை. வரகுடன் துவரை, கடலையுடன் ஆமணக்கு, வரப்போரம் தட்டைப்பயறு என்று கலந்தே விதைத்தனர். மழை ஒன்றைக் கெடுத்தால் மற்றொன்று வீட்டைக் காத்தது. பின்னர்க் காலம் மாறியது. கோழிப்பண்ணைகளின் தீவனத்திற்காக மக்காச்சோளத்திற்குத் தேவை பெருகிற்று. ஒரே மூச்சில் விதைத்து, ஒரே மூச்சில் அறுத்து, களத்திலேயே விற்கலாம். ஆகவே பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் பருத்தியும் மக்காச்சோளமுமே எங்கும் பரவின.

2018 இல் அமெரிக்கக் கண்டத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட படைப்புழு நம் நாட்டில் முதன்முதலாகக் காணப்பட்டது. அவ்வாண்டே தமிழகத்து மக்காச்சோளக் காடுகளிலும் புகுந்தது. குருத்துக்குள் ஒளிந்து தின்னும் அப்புழுவை மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டுவதில்லை.

இப்பகுதியில் நாம் சந்தித்த குடும்பத்திற்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் உண்டு. அவ்வாண்டு மூன்று ஏக்கரிலும் மக்காச்சோளமே. விதைக்கும் உரத்திற்கும் மனைவியின் நகை அடகுக்குப் போயிருந்தது. கதிர் வரவேண்டிய நேரத்தில் மாட்டுத் தீவனத்திற்கான தட்டையே மிஞ்சிற்று. நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விடலாம் என்றார் கணவர். மனைவியோ, "நிலத்தை விற்ற பணம் இரண்டு வருடத்தில் கரைந்துவிடும். அப்புறம் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள்? எனக்கு ஒரு வருடம் தாருங்கள்" என்றார்.

அந்த ஓராண்டில் நிலம் பங்கிடப்பட்டது. ஓர் ஏக்கரில் மட்டும் மக்காச்சோளம். கடைசி உழவில் வேப்பம் பிண்ணாக்கு இட்டனர். வரப்பைச் சுற்றித் தட்டைப்பயறும் எள்ளும் விதைத்து, நன்மை செய்யும் பூச்சிகளுக்கு இடம் தந்தனர். இனக்கவர்ச்சிப் பொறி வைத்தனர். வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைத்த முறைகளே இவை. இன்னோர் ஏக்கரில் பருத்தி, அதன் இடையில் உளுந்து. எஞ்சியதில் பாதி வரகு, பாதி தீவனச் சோளம். அத்தீவனத்தை நம்பி நான்கு வெள்ளாடுகள். வரப்பில் முருங்கை.

அற்புதம் ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. பருத்தி வெடித்த சமயம் மழை பிடித்துக்கொண்டது, பஞ்சு கறுத்தது. ஆனால் அதற்கு முன்பே எடுத்த உளுந்து வட்டியைக் கட்டிற்று. இரண்டு கிடாய்கள் பள்ளிச் செலவை ஏற்றன. வரகு வீட்டுப் பானைக்குப் போயிற்று. மூன்றாம் ஆண்டில் நகை வீடு திரும்பியது. கடன் முற்றிலும் தீரவில்லை. எனினும் நிலம் கையில் இருக்கிறது.

இதில் மறைக்கக் கூடாத உண்மை ஒன்றும் உண்டு. பல பயிர் என்றால் பல வேலை. ஆட்டுக்குத் தழை, உளுந்துக்குக் களை, முருங்கை பறிப்பு எல்லாம் பெரும்பாலும் பெண்களின் தோளிலேயே விழுகின்றன. வருமானத்தைப் பல வாய்க்கால்களாய்ப் பிரித்த குடும்பம், உழைப்பையும் பிரித்துக்கொள்ள வேண்டாமா? அக்கணவர் இப்போது விடியலில் ஆட்டுக்கொட்டிலைத் தாமே கூட்டுகிறார். அதைச் சொல்லும்போது அம்மனைவியின் முகத்தில் கண்ட மலர்ச்சி எந்த விளைச்சலுக்கும் குறைந்ததன்று.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஓர் உழவரின் சராசரி நிலம் 0.75 எக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இத்தகையோர் தனித்து நின்று சந்தையை வெல்ல இயலாது. இரண்டு மூட்டை உளுந்தைத் தனியே கொண்டுபோனால் வியாபாரி சொன்னதே விலை. பத்து வீடுகள் சேர்ந்தால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்கு ஒரே வண்டியில் கொண்டுசெல்லலாம். சோழமாதேவியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகிப் பயிற்சி கேட்கலாம். நம் பங்குகளில் உள்ள அன்பியங்களும் மாதர் குழுக்களும் செபத்திற்குக் கூடும் அதே திண்ணையில் விதைப் பரிமாற்றத்தையும் ஏன் தொடங்கக் கூடாது?

ஒரே விதைப்பை நம்பியிருந்துவிடாதே, எது வாய்க்கும் என்று நீ அறியாய் என்னும் பொருள்படச் சபை உரையாளர் ஆகமம் அறிவுறுத்துகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2015 இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' திருமடலில், சிறு உற்பத்தியாளரையும் பலவகை உற்பத்தியையும் ஆதரிப்பது அரசுகளின் கடமை என்று வலியுறுத்தினார். அரசின் கடமை அது. நம் கடமை, அண்டை வீட்டு உழவன் தன் நிலத்தை விற்கத் துணியுமுன் அவன் வாசலில் சென்று அமர்ந்து பேசுவது.

மே 15 ஆம் நாள் உழவரின் பாதுகாவலரான புனித இசிதோரின் திருநாள். அவர் சொந்த நிலமற்றவர். பிறர் நிலத்தில் உழுது வாழ்ந்தவர். அவர் மனைவி மரியாவும் புனிதராகவே போற்றப்படுகிறார். ஏர் பிடித்த கையும் அடுப்பு மூட்டிய கையும் ஒருங்கே உயர்த்தப்பெற்ற குடும்பம் அது. அவ்விருவரும் நம் மானாவாரிக் குடும்பங்களுக்காக இறைவனிடம் பரிந்து பேசுவார்களாக!