வீட்டிற்குள் ஓர் ஆலோசனை அறை

தொலைமருத்துவம் நம் நாட்டிற்குப் புதியதன்று. ஆந்திரப் பிரதேசத்தின் அரகொண்டா என்னும் சிற்றூரிலுள்ள மருத்துவமனை, 2000 ஆம் ஆண்டிலேயே நகரத்து நிபுணர்களுடன் தொலைத்தொடர்பு வழியே இணைக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு முதல் இஸ்ரோ நிறுவனம் செயற்கைக்கோள்களின் வாயிலாகத் தொலைவிலுள்ள மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைக்கத் தொடங்கியது. ஆயினும் அந்நாட்களில் இணைப்பின் இரு முனைகளிலும் இருந்தவை மருத்துவமனைகளே. 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு தொலைமருத்துவ நடைமுறைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பதிவு பெற்ற மருத்துவர், நாட்டின் எப்பகுதியிலுள்ள நோயாளிக்கும் தொலைவிலிருந்தே ஆலோசனை வழங்கலாம் என்பது அதன்மூலம் தெளிவாயிற்று. இன்று ஒரு முனையில் மருத்துவரின் இல்லமும் மறுமுனையில் நோயாளியின் இல்லமும் இருப்பது இயல்பாகிவிட்டது.

பணி ஓய்வு பெற்ற மருத்துவர்கள், கைக்குழந்தையுடன் வீட்டிலிருந்தபடியே தொழிலைத் தொடர விரும்பும் இளம் மருத்துவர்கள், உளவியல் ஆலோசகர்கள், உணவியல் வல்லுநர்கள் எனப் பலரும் நம் வாடிக்கையாளர்களாக உள்ளனர். இவர்கள் வீட்டில் ஓர் ஆலோசனை அறையை அமைக்க எண்ணும்போது, மனம் இயல்பாக முதலில் நாடுவது கேமராவையும் கணினியையும்தான். ஆனால் மருத்துவமனையின் ஆலோசனை அறை கேளாமலே தந்துவிடும் வசதிகள் நான்கு உண்டு: மூடிய கதவு, நல்ல வெளிச்சம், ஒழுங்கான பதிவேடு, அவசரமெனில் ஓடிவரும் செவிலியர். வீட்டில் இந்நான்கையும் நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கருவிகளுக்கான செலவு அதன் பின்னரே.

முதற்செலவு கதவுக்கு

அருகில் வேறெவரும் இல்லை என்ற நம்பிக்கையில்தான் நோயாளி பல செய்திகளை மருத்துவரிடம் சொல்கிறார். மது அருந்தும் அளவு, கலைந்துபோன கரு, கடன் சுமையால் வந்த உறக்கமின்மை ஆகியவை அத்தகையவை. திரையில் மருத்துவருக்குப் பின்னே ஒருவர் கடந்து சென்றால் போதும். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "தலைவலிதான் டாக்டர்" என்று முடித்துக்கொள்வார். உண்மை மறைந்தது மருத்துவருக்குத் தெரியப்போவதில்லை. அரைகுறைச் செய்தியை நம்பியே மருந்துச் சீட்டு எழுதப்படும்.

ஆகவே தாழிடக்கூடிய தனியறையே சிறந்தது. அதற்கு வழியில்லாத அடுக்குமாடி வீடுகளில், படுக்கையறையின் ஒரு மூலையைத் தேர்ந்துகொள்ளலாம். முதுகுக்குப் பின்னே வெறுஞ்சுவர் இருக்குமாறும், எவரும் நடமாடும் வழி கேமராவில் படாதவாறும் மேசையை இட வேண்டும். கதவின் அடியிலுள்ள இடைவெளியை ரப்பர் பட்டையால் அடைத்தால் பேச்சு வெளியே கசிவது குறையும். நோயாளியின் குரல் அறையில் ஒலிக்காதிருக்கச் செவிப்பொறி அணிவது அவசியம். ஒரே குடியிருப்பில் வசிப்பவரே நோயாளியாக வரக்கூடும் என்பதை மறக்கலாகாது. குரலைக் கேட்டுப் பதிலளிக்கும் ஒலிபெருக்கிக் கருவிகள் அவ்வறையில் இருத்தல் ஆகாது. ஆலோசனை நேரத்தை நாள்தோறும் ஒரே வேளையில் வகுத்துக்கொண்டால் வீட்டாரும் விரைவில் பழகிவிடுவர்.

பின்புலமாகச் செயற்கைப் படங்களை இடுவதைத் தவிர்ப்பது நன்று. அறையில் வேறொருவர் இருக்கிறாரோ என்ற ஐயத்தை அவை எழுப்பும். மருத்துவர் கையால் காட்டும் செய்முறையும் அவற்றில் மங்கிப்போகும். வெறுஞ்சுவரே நம்பிக்கை தரும்.

வெளிச்சமும் திரையும்

சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் முகம் இருண்டு தெரியும். சன்னலை நோக்கி அமர வேண்டும். செவித்திறன் குறைந்த முதியவர்கள் மருத்துவரின் உதட்டசைவைக் கொண்டே பாதியைப் புரிந்துகொள்கின்றனர் என்பதால், இது தோற்றத்துக்கான ஏற்பாடு மட்டுமன்று. மாலை நேரத்திற்கு முகத்துக்கு முன்னால் வெண்ணிற விளக்கொன்று போதுமானது. மடிக்கணினியின் அடியில் சில தடித்த நூல்களை அடுக்கினால் கேமரா கண் மட்டத்திற்கு வந்துவிடும்.

மற்றொன்று எளிதில் கவனத்திற்கு வராதது. கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று கணினிகளில் இரவு நேரத் திரை அமைப்பைப் பலர் வைத்திருப்பர். மாலையானதும் திரை தானாகவே மஞ்சள் சாயல் கொள்ளும். அத்திரையில் நோயாளியின் கண்ணையும் தோலையும் பார்ப்பவருக்கு மஞ்சள்காமாலையும் இரத்தசோகையின் வெளிறலும் உள்ளபடி தெரியா. ஆலோசனைக்குரிய கணினியில் அந்த அமைப்பை முற்றிலும் நிறுத்திவிட வேண்டும்.

ஓசை

வீட்டிலுள்ளவர்களின் காதுக்குப் பழகிப்போன கூரை மின்விசிறியின் இரைச்சலும் குக்கரின் சீழ்க்கையும் ஒலிவாங்கிக்குப் பழகுவதில்லை. வாய்க்கு அருகே ஒலிவாங்கி உள்ள செவிப்பொறியை அணிந்தால் இரைச்சல் பெரிதும் குறையும். கனத்த திரைச்சீலையும் நூலடுக்கும் எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். ஆங்கிலத்தில் "ஃபிஃப்டீன்", "ஃபிஃப்டி" ஆகிய இரண்டும் மங்கிய ஒலியில் ஒன்றுபோலவே கேட்கும். மருந்தின் அளவில் அந்தக் குழப்பம் பெருந்தீங்காகும். எனவே அளவை எழுத்தில் அனுப்புவதுடன், நோயாளியைத் திரும்பச் சொல்லவைப்பதும் நல்ல வழக்கம்.

இணைப்பு அறுந்தால்

இணைய வேகம் என்று விளம்பரங்கள் கூறுவது பெரும்பாலும் பதிவிறக்க வேகத்தையே. மருத்துவரின் முகமும் குரலும் நோயாளியைச் சென்றடையப் பதிவேற்ற வேகமே முக்கியம். இணைப்புப் பெறும்போது இதைத் தனியே கேட்டறிய வேண்டும். வைஃபையை நம்பியிராமல் கம்பி வழியே கணினியை ரவுட்டருடன் இணைப்பது உறுதியானது. மின்தடை நேரும்போது மடிக்கணினி இயங்கிக்கொண்டிருக்கும், ரவுட்டர் அணைந்துவிடும். அதற்கென்றே விற்கப்படும் சிறிய யுபிஎஸ் ஒன்று அவசியம். இல்ல இணையம் ஒரு நிறுவனத்தினுடையதாயின் கைபேசி இணைப்பு வேறொரு நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும்.

இணைப்பின் தரம் சட்டத்தோடும் தொடர்புடையது. காணொளி, குரல், எழுத்து ஆகிய மூவழிகளையும் வழிகாட்டு நெறிகள் ஏற்கின்றன. ஆனால் எல்லா மருந்துகளையும் எல்லா வழியிலும் எழுத இயலாது. சில மருந்துகளை முதல் ஆலோசனையில் எழுத வேண்டுமெனில் அது காணொளி ஆலோசனையாக இருத்தல் வேண்டும். போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவனவற்றையும், மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் உள்ளவற்றையும் தொலைமருத்துவத்தில் எழுதவே கூடாது. காணொளி பாதியில் அறுந்து தொலைபேசிக்கு மாறினால் மருத்துவர் எழுதக்கூடியவையும் மாறலாம். சிறிய யுபிஎஸ் ஒன்றின் மதிப்பு இங்கே விளங்கும்.

பதிவேடும் இரகசியமும்

ஒவ்வோர் ஆலோசனையின் தொடக்கத்திலும் மருத்துவர் தம்மை அறிமுகம் செய்துகொண்டு, நோயாளியின் பெயர், வயது, முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை உறுதிப்படுத்த வேண்டும். சிறுவராயின் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். அவர் யார் என்பதும் உறுதிப்படுத்தப்பட வேண்டும். ஆலோசனைக் குறிப்பையும் மருந்துச் சீட்டின் படியையும் பாதுகாப்பது மருத்துவரின் கடமை. மருந்துச் சீட்டிலும் கட்டண ரசீதிலும் மருத்துவரின் பதிவு எண் இடம்பெற வேண்டும்.

ஆலோசனைக்குப் பயன்படும் கணினி பிள்ளைகளின் வீட்டுப்பாடத்திற்கும் பயன்பட்டால், குறைந்தது தனிப் பயனர் கணக்கும் வலுவான கடவுச்சொல்லும் வேண்டும். பேரிடர் பெரும்பாலும் கைபேசியில்தான் ஒளிந்திருக்கிறது. நோயாளி அனுப்பும் தோல் புண்ணின் படமோ ஆய்வறிக்கையோ கைபேசியின் படத்தொகுப்பில் தானாகச் சேர்ந்து, குடும்பத்தார் அனைவரும் காணும் பொதுச் சேமிப்புக்குச் சென்றுவிடக்கூடும். தொழிலுக்கெனத் தனிக் கைபேசியும் தனி எண்ணும் வைத்துக்கொள்வதே இதற்குத் தீர்வு. நோயாளியின் படங்களைச் சமூக ஊடகங்களில் இடுவது தொழில் ஒழுங்கீனம் என்று வழிகாட்டு நெறிகளே கூறுகின்றன. 2023 ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பிறர் தகவலைக் கையாள்வோரின் பொறுப்பை வரையறுத்துள்ளது.

செவிலியர் இல்லாத அறை

பேசிக்கொண்டிருக்கும்போதே நோயாளிக்கு நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது? புனேயிலுள்ள மருத்துவர் 112 ஐ அழைத்தால், அவ்வழைப்பு மகாராஷ்டிரத்தின் மையத்திற்கே செல்லும். நோயாளியோ உத்தராகண்டின் மலைக்கிராமத்தில் இருக்கலாம். ஆகவே நோயாளி அவ்வேளையில் எங்கே இருக்கிறார், அருகிலுள்ள மருத்துவமனை எது, உடனிருப்பவரின் தொலைபேசி எண் என்ன என்ற மூன்றையும் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். அவசரம் நேர்ந்தால் உடனிருப்பவர் வாயிலாகவே அவ்விடத்து உதவியை அழைக்கச் செய்யலாம். தொலைவிலிருந்து முடிவெடுக்க இயலாது என்று தோன்றினால் நேரில் வரச்சொல்வதும், தொலைமருத்துவத்தை நோயாளியின் மேல் திணிக்காதிருப்பதும் மருத்துவரின் கடமை.

கணக்கு வழக்கு

ஆலோசனைக் கட்டணம் குடும்பச் சேமிப்புக் கணக்கில் வந்து கலந்தால் ஆண்டிறுதியில் எது தொழில் வரவு என்று பிரித்தறிவது கடினம். தொழிலுக்கெனத் தனிக் கணக்கையும் அதற்குரிய கியூஆர் குறியீட்டையும் வைத்துக்கொள்வது நலம். கட்டணம் பெற்றமைக்கு ரசீது தருவதும் வழிகாட்டு நெறிகளின்படி கடமையே. முறையாகக் கணக்கேடு பேணுவோர், வருமான வரி விதிகளின்படி கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதமும் மேசை, நாற்காலி போன்றவற்றிற்கு 10 சதவீதமும் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம். மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் எளிய முறையைத் தேர்வோருக்கு இச்செலவுகள் தனியே கழிக்கப்படுவதில்லை. எது ஆதாயம் என்பதைக் கருவிகள் வாங்குமுன் தணிக்கையாளரிடம் கேட்பது நன்று. வீட்டுக் காப்பீடு தொழிற்கருவிகளுக்கும் பொருந்துமா என்பதையும், தொழில்சார் பொறுப்புக் காப்பீடு தொலை ஆலோசனையை உள்ளடக்குமா என்பதையும் எழுத்தில் பெற வேண்டும்.

நோயாளிபோல் பேசி, கட்டணம் அனுப்புவதாகக் கூறி, யுபிஐ இரகசிய எண்ணை இடச்சொல்லும் மோசடிக்காரர்கள் உள்ளனர். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைப்பதுடன் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

திரையின் மறுபக்கம்

நோயாளியாக அமரும் நமக்கும் இவற்றுள் பல பொருந்தும். நம் முகத்தில் இயற்கை வெளிச்சம் பட வேண்டும். மஞ்சள் விளக்கின் கீழ் எந்த மருத்துவராலும் நம் தோலின் நிறத்தை அறிய இயலாது. உண்டுவரும் மருந்துகளின் அட்டைகள், பழைய அறிக்கைகள், ஒரு வார இரத்த அழுத்தக் குறிப்பு ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். 14 இலக்க ஆபா எண் பெற்றிருந்தால் அதையும் குறித்து வைக்கலாம். முதியவருக்குக் கருவியை இயக்கித் தந்த மகனோ மருமகளோ, சற்று நேரம் அவரைத் தனியே பேச விடுவது பேருதவியாகும்.

மருத்துவரின் எண்ணை இணையத் தேடலில் கிடைக்கும் அறிமுகமற்ற பக்கங்களிலிருந்து எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். முன்பதிவுக்கென அனுப்பப்படும் இணைப்புகள் கணக்கையே காலி செய்யக்கூடும். அரசின் இ-சஞ்சீவனி சேவையில் கட்டணமின்றி மருத்துவரைக் காணலாம். மனநல உதவிக்கு டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணைத் தமிழ் உட்படப் பல மொழிகளில், எந்நேரமும் அழைக்கலாம். தொலை ஆலோசனையை ஏற்குமாறு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஜூனில் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. தம் காப்பீட்டில் புறநோயாளிச் செலவு அடங்கியிருப்போர் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

ஓர் ஒத்திகை

முதல் நோயாளியைக் காணுமுன், வேறொரு வீட்டிலுள்ள நண்பரை நோயாளியாக அமர்த்தி, உண்மையான ஆலோசனை வேளையிலேயே ஒத்திகை பார்ப்பது நலம். முகம் தெளிவாகத் தெரிந்ததா, மருந்தின் பெயரும் அளவும் சரியாகக் கேட்டனவா, பின்னே எவரேனும் தென்பட்டனரா என்று அவரிடம் கேட்க வேண்டும். இடையில் வீட்டின் முதன்மை மின்விசையை ஒருமுறை அணைத்தும் பார்க்கலாம். இறுதியாக, கதவுக்கு வெளியே குடும்பத்தார் ஒருவரை நிறுத்தி, உள்ளே பேசியதில் எவ்வளவு கேட்டது என்று வினவ வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை என்பது அவரது பதிலானால், கேமராவுக்கு விலை விசாரிக்கத் தொடங்கலாம்.