மாங்கனீஸ்: அளவறிந்து பயன்கொள்ள வேண்டிய உலோகம்

பொன்னையும் வெள்ளியையும் அறியாதார் இலர். மாங்கனீஸின் பெயரை அறிந்தாரோ சிலரே. பெரும்பாலும் இது பிற பொருள்களோடு கூடிநின்றே பயன் தருகிறது. கூடும் அளவுக்கும் இடத்துக்கும் ஏற்ப நன்மையும் செய்யும், தீமையும் செய்யும்.

மாங்கனீஸ் இயற்கையில் தனித்துக் கிடைப்பதில்லை. பெரிதும் பிராணவாயுவோடு கூடிய கருநிறக் கனிமமாகவே கிடைக்கிறது. தென் ஆப்பிரிக்கா, காபோன், ஆஸ்திரேலியா, இந்தியா முதலிய நாடுகளில் அது வெட்டியெடுக்கப்படுகிறது. சுவீடன் நாட்டினரான யோகான் கான் 1774-ஆம் ஆண்டில் அக்கனிமத்தைக் கரியோடு சேர்த்துக் காய்ச்சி உலோகத்தைப் பிரித்தெடுத்தார். அது சாம்பல் கலந்த வெண்ணிறமுடையது, கடினமானது, ஆயினும் அடித்தால் நொறுங்கிவிடும்.

தான் நொறுங்கும் இவ்வுலோகமே எஃகுக்கு வலிமை தருகிறது. இரும்பில் தங்கிய கந்தகம், காய்ச்சி அடிக்கும்பொழுது எஃகைப் பிளக்கச் செய்யும். மாங்கனீஸைச் சேர்த்தால் கந்தகம் இரும்பை விட்டு அதனோடு கூடிக்கொள்கிறது, பிளவு நீங்குகிறது. இதற்கு நூற்றுக்கு ஒரு பங்குக்குக் குறைவானதே பெரும்பாலும் போதும். 4, 5 பங்கு சேர்த்தாலோ எஃகு நொறுங்கும் தன்மை அடைகிறது. 1882-இல் ஷெஃபீல்டு நகரத்து இராபர்ட் ஹாட்ஃபீல்டு ஏறத்தாழ 12 பங்கு சேர்த்து, அடிபட அடிபட இறுகும் எஃகைக் கண்டார். தண்டவாளங்கள் குறுக்கிடும் இடங்களிலும் கல்லுடைக்கும் இயந்திரங்களிலும் இன்றும் அது பயன்படுகிறது.

சாதாரண டார்ச் விளக்குப் பாட்டரியினுள் காணும் கறுப்புத் தூளில் பெரும்பகுதி மாங்கனீஸ் டைஆக்ஸைடே. கிணற்று நீரில் கிருமிகளை அழிக்க இடப்படும் ஊதா நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் மாங்கனீஸ் கலந்த பொருளே.

ரப்பர்த் தோட்டத்திலும் இதன் இருகுணமும் விளங்கக் காணலாம். ரப்பர் மரத்தின் இலை கதிரொளியில் உணவு ஆக்குவதற்குச் சிறிதளவு மாங்கனீஸ் இன்றியமையாதது. ஆயின் பாலிலிருந்து ஆக்கிய ரப்பரில் அது மிகுந்துவிட்டால், பிராணவாயு ரப்பரை அரிப்பதை விரைவுபடுத்துகிறது. ரப்பர் பிசுபிசுத்துக் கெடுகிறது. அதனாலேயே ரப்பர்ப் பாலில் செம்பும் மாங்கனீஸும் இருக்கத்தக்க அளவுக்கு வரம்பு விதித்துள்ளனர்.

மனித உடலும் இவ்வாறே. நாம் உண்ணும் தானியங்களிலும் பருகும் தேநீரிலும் உள்ள சிறிதளவு உடலுக்கு வேண்டுவதே. அதன் தூளையும் புகையையும் நெடுநாள் சுவாசிப்பதோ மூளையைத் தாக்கும். கனிமத்தை அரைத்த தொழிலாளர் கால் தளர்ந்து, குரல் மெலிந்து வருந்தியதை ஸ்காட்லாந்து மருத்துவர் கூப்பர் 1837-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். எஃகைப் பற்றவைக்கும் வெல்டிங் புகையிலும் மாங்கனீஸ் உண்டு.

ஆகவே, இப்பாடத்தை நடத்தும் ஆசிரியர் பயன்களை மட்டும் கூறி நிறுத்தலாகாது. நம் மாணவருள் சிலர் நாளை பட்டறைகளில் வேலைக்கு அமர்வர். காற்றோட்டமுள்ள இடமும் முகக்கவசமும் தம் உடல்நலத்துக்கு ஏன் தேவை என்பதை அவர்கள் பள்ளியிலேயே அறிந்து செல்லவேண்டும்.